ஒன்பதாவது பெயர்

லிஃப்டில் சைக்கிள் ஏற்றக் கூடாது என்று
கட்டடத்து நாத்தூர்
மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்.
மூன்றிலும் எழுத்துப்பிழை.
மூன்றும் புரிந்தன.
ஆகவே நான்கு மாடியும் தோளில்தான்.
சந்தியாகு கதவைத் தள்ளும்போது
மணி ஒன்றரை ஆகியிருக்கும்.
முதலில் உள்ளே வருவது முன்சக்கரம்.
அப்புறம் பரோட்டா வாசனை.
அதற்கும் அப்புறம்தான் அவன்.

கம்பத்தில் பூட்டிவைத்த பழைய சைக்கிளை
நகராட்சி லாரி அள்ளிப்போய்விட்டது.
அறுபட்ட சங்கிலியை மட்டும் எடுத்துவந்து
கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறான்,
என்றைக்கோ யாரிடமோ
கணக்குக் கேட்கப்போகிறவன் போல.

நாங்கள் எட்டுப் பேர்.
நான்கு அடுக்குக் கட்டில்.
ஒரு ஃபிரிஜ், அதன்மேல் அரிசி மூட்டை,
மூட்டைமேல் கரீம்கனியின் பெட்டி,
பெட்டிமேல்
ஊருக்குக் கொண்டுபோக அவர்
இரண்டு வருஷமாகச் சேர்க்கும் சோப்பு.
செருப்பு விடும் இடத்துக்காக
ஒரு மாதம் பேசாதிருக்கும் இருவரும்
இதே அறையில்தான்.

வந்த முதல் ராத்திரி
ஃபிரிஜுக்கும் என் கட்டிலுக்கும் நடுவே நின்றது.
தண்ணீர் குடிக்க எழுந்த பிஜு
பெடலில் முழங்காலை இடித்துக்கொண்டு
மலையாளத்தில் ஒன்று சொன்னான்.
யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

மீராசா அண்ணன் டேப் வைத்து அளந்தார்.
அறைக்குப் பொறுப்பு அவர்; வாடகை வசூலும்.
"நீளம் அஞ்சே முக்கால் அடி.
உன்னைவிட உசரம்.
அரைக் கட்டில் காசு வைக்கணும்."
"அது படுக்காதே அண்ணே,
நிக்கத்தானே செய்யுது."
"நிக்கிற இடத்துக்குத்தான்டா
இந்த ஊர்ல வாடகை."

மறுநாள் இரண்டு கொக்கி,
யாரிடமோ இரவல் வாங்கிய டிரில்.
கூரையிலிருந்து சைக்கிள் தொங்கியது.
"இப்போ தரையைத் தொடலைல்ல?"
அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.
சட்டைப்பையில் மடித்திருந்த ஏசி பில்லைத் தட்டினார்.
"காத்துக்கும் உண்டு."

மாதம் ஐம்பது திர்ஹாமில் முடிந்தது.
நோட்டில் ஒன்பதாவது பெயராக
'சைக்கிள்' என்று எழுதிக்கொண்டார்,
என் பெயருக்கு நேர் கீழே.

மேல்கட்டில் என்னுடையது.
கண் விழித்தால் பின்சக்கரம்,
மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்.
டயரின் பள்ளங்களில்
அன்றைய ரோலா அப்பியிருக்கும்:
மணல், பஸ் டிக்கெட்டின் மூலை,
யாரோ துப்பிய சூயிங்கம்,
கொட்டிப்போன கரக் டீயின் பிசுக்கு.
பகலெல்லாம் குளிர்க்கிடங்கில்
மீன்பெட்டி எண்ணுகிற நான்
இந்த ஊரைப் பார்ப்பது
பெரும்பாலும் இதில்தான்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி கரண்ட் போனது.
வேர்த்துக் கிடந்த எட்டு உடம்புக்கும் மேலே
டமார் என்று ஒரு வெடி.
கரீம்கனி கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார்.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால்
முன்டயரிலிருந்து ட்யூப்
நாக்கைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.
விடியும்வரை சிரித்தோம்.
செருப்புச் சண்டைக்காரன் ஒருவன் மற்றவனைத் தட்டி
"பாத்தியாடா" என்றான்.
காலையில் நினைவு வந்து
மறுபடி பேசாமலானார்கள்.

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.
நாற்பத்தொரு வயதில்
அதை யாரிடமும் சொல்லவும் தெரியாது.
எல்லோரும் தூங்கியபின்
ஒரு விரலால் பின்சக்கரத்தைத் தள்ளிவிடுவேன்.
டிக் டிக் டிக் டிக் என்று
அது போகும்.
நின்றால் இன்னொரு தள்ளு.
எவ்வளவு தூரம் என்று கணக்கில்லை.
கிடங்கைத் தாண்டியிருப்பேன்,
கடற்கரைச் சாலையில் திரும்பியிருப்பேன்.

நேற்றும் அப்படித்தான்.
கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டேன் போலிருக்கிறது.
கீழ்க்கட்டில் இருட்டிலிருந்து
போர்வைக்குள்ளேயே சந்தியாகு சொன்னான்:

"மெதுவாப் போ அண்ணே.
அந்த வளைவுல கேமரா இருக்கு."

பிரேக்கைத் தேடினேன்.
கை எட்டவில்லை.